கிரானைட்டிலிருந்து ஃபெல்ஸ்பாரைப் பிரிப்பது: கொங்குப் பகுதிக்கான முழுமையான வழிகாட்டி

கிரஷர் வைத்திருப்பவர்களும் கிரானைட் அறுக்கும் பட்டறைக்காரர்களும் அடிக்கடி கேட்கிற கேள்வி இது: "கழிவுக்கல்லு மலையாட்டம் கெடக்குதுங்க, அதுல இருந்து ஃபெல்ஸ்பார் எடுத்து டைல்ஸ் கம்பெனிக்கும் கண்ணாடி பேக்டரிக்கும் குடுக்க முடியுமா?"

முடியும். ஆனால் எல்லாக் கல்லிலும் முடியாது. எந்த இயந்திரம் வாங்குகிறோம் என்பதைவிட எந்தக் கல்லை எடுக்கிறோம் என்பதுதான் இந்தத் தொழிலின் லாப நஷ்டத்தை முடிவு செய்கிறது. அந்தக் கல் தேறுமா தேறாதா என்பதை ஒரு வாளி அளவிலேயே கண்டுபிடித்துவிடலாம். மில் போடுவதற்கு முன்னால் அந்தச் சோதனையைச் செய்யாமல் கடன் வாங்காதீர்கள். கீழே சொல்லியிருப்பது அந்தச் சோதனையையும், அது தேறினால் அடுத்து என்ன செய்வது என்பதையும்தான்.

கல்லுக்குள் என்ன இருக்கிறது

கிரானைட்டில் பாதிக்கு மேல் ஃபெல்ஸ்பார் என்ற கனிமம். மீதியில் பெரும்பங்கு குவார்ட்ஸ், அதாவது நம் ஊர் வெங்கச்சாங்கல். அப்புறம் கொஞ்சம் மைக்கா (காக்காய்ப்பொன் என்று சொல்வோமே, அது), ஹார்ன்பிளெண்டு, கார்னெட், மேக்னடைட் போன்ற கறுப்பு, சிவப்பு மணிகள்.

ஃபெல்ஸ்பாரில் நமக்கு வேண்டியவை இரண்டு வகை. பொட்டாஷ் ஃபெல்ஸ்பார் சுத்தமாகக் கிடைத்தால் அதில் பொட்டாஷ் 16.9%, அலுமினா 18% சொச்சம் இருக்கும். சோடா ஃபெல்ஸ்பாரில், அதாவது ஆல்பைட்டில், சோடா 11.8%, அலுமினா 19% சொச்சம். பீங்கானில் இவை உருகிக் களிமண்ணையும் குவார்ட்ஸையும் பிணைக்கின்றன. பொட்டாஷ் வகை உருகினாலும் கெட்டியாக நிற்கும், அதனால் பாண்டம் சூளைக்குள் சரியாது. சோடா வகை இன்னும் சீக்கிரம் இளகும், அதனால் விட்ரிஃபைடு டைல்ஸ்காரர்கள் அதை விரும்புகிறார்கள். கண்ணாடியில் முக்கியம் அலுமினா. நூற்றுக்கு ஒன்றரை பங்கு அலுமினா சேர்ந்தாலே தண்ணீரும் ரசாயனமும் அரிக்காத பாட்டில் கிடைக்கும். கூடவே வருகிற பொட்டாஷும் சோடாவும் சோடா ஆஷ் செலவைக் குறைக்கும்.

இதையெல்லாம் கெடுப்பது இரும்பு. கண்ணாடியில் பச்சை நிறமாகவும் பீங்கானில் கரும்புள்ளியாகவும் அது தலைகாட்டும். நல்ல ஃபெல்ஸ்பாரில் இரும்பு ஆக்சைடு 0.1 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்று கிளேஸ்காரர்களும் (பீங்கான் மேல் பளபளப்புப் பூச்சு போடுபவர்கள்) வெள்ளைக் கண்ணாடிக்காரர்களும் கேட்பார்கள். சாதாரண கிரானைட்டில் அது ஒன்றிலிருந்து மூன்று சதவீதம் வரை இருக்கும். ஃபெல்ஸ்பாரைப் பிரிப்பது என்று பேர் இருந்தாலும் நாம் செய்யப்போகிற வேலையில் முக்கால்வாசி இரும்பைக் கழற்றுவதுதான்.

எந்தக் கல்லை எடுப்பது

கொங்கு நாட்டுக் கிரஷர்களில் ஓடுகிற கருநீலக் கல்லில் பெரும்பகுதி சார்னகைட். நீலகிரியும் சேர்வராயனும் கொல்லிமலையும் அந்தக் கல்தான். ஜல்லிக்கும் எம்-சாண்டுக்கும் அருமையான கல். ஃபெல்ஸ்பாருக்கு ஆகாது. இரும்பு நிறைந்த பைராக்சீன் என்ற கறுப்புக் கனிமம் அதில் ஊடும்பாவுமாகக் கலந்திருக்கிறது, ஃபெல்ஸ்பாரே எண்ணெய்ப் பச்சை நிறத்தில் இருக்கும். எம்-சாண்ட் யூனிட்டில் கழிந்து விழும் தூளை வைத்துக்கொண்டு பீங்கான் கனவு காண வேண்டாம்.

தேட வேண்டியது வெளிறிய கல். சங்ககிரி, திருச்செங்கோடு பக்கத்து இளஞ்சிவப்பு கிரானைட் ஒன்று. அதைவிடச் சிறந்தது, அந்தப் பாறைகளுக்குள் நரம்பு நரம்பாக ஓடும் பெக்மடைட். அதில் ஒரு ஃபெல்ஸ்பார் துண்டே தேங்காய் அளவுக்கு இருக்கும். காங்கேயம், கரூர், நாமக்கல் வட்டாரங்களில் இந்த நரம்புகளைத் தோண்டித்தான் வெங்கச்சாங்கல்லும் ஃபெல்ஸ்பாரும் எடுத்திருக்கிறார்கள். காங்கேயம் பக்கத்து சந்திரகாந்தக் கல்லும் ஃபெல்ஸ்பார் வகைதான். படியூரின் பச்சைநீலப் பெரிலும் பெக்மடைட்டில் விளைந்ததே. நொய்யல் கரையில் கொடுமணலில் மணி கோத்த காலத்திலிருந்தே நம்மவர்கள் இந்த நரம்புகளைத் தேடி உடைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

சிவன்மலைப் பக்கத்துப் பாறையைப் பற்றியும் ஒரு வார்த்தை. அது கிரானைட் அல்ல, நெஃபலின் சயனைட். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் ஹாலண்ட் 1901-லேயே அதை விவரமாக எழுதினார். அதில் குவார்ட்ஸே கிடையாது, அலுமினாவும் அதிகம். கனடாவிலும் நார்வேயிலும் இந்த வகைக் கல்லையே கண்ணாடிக்கு எடுத்திருக்கிறார்கள். ஆனால் அங்கேயும் இரும்பு மணிகளைக் காந்தத்தால் கழித்த பிறகுதான்.

குவாரியில் நிற்கும்போது ஃபெல்ஸ்பாரையும் குவார்ட்ஸையும் எப்படிப் பிரித்தறிவது? இரண்டுமே வெள்ளையாக இருக்கும், கத்திக்கு மசியாது. கல் பொறுக்கும் ஒரு பெரியம்மா சொன்னதைவிட நல்ல விளக்கத்தை நான் கேட்டதில்லை: "வெயில்ல திருப்பித் திருப்பிப் பாருங்க சாமி. பளிச்சுன்னு ஒரே தட்டா மின்னுனா அது நம்ம கல்லு. எண்ணெய் பூசுன கணக்கா மொழுமொழுன்னு இருந்தா வெங்கச்சாங்கல்லுங்க." இதில் கனிமவியல் முழுவதும் இருக்கிறது. ஃபெல்ஸ்பார் ஏறக்குறைய செங்கோணத்தில் இரண்டு தட்டையான முகங்களாகப் பிளக்கும். குவார்ட்ஸுக்குப் பிளவு முகம் கிடையாது, உடைந்த பாட்டில் மாதிரி வளைந்துதான் உடையும். பத்து மடங்கு லென்ஸ் ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டால் சிறு மணிகளிலும் இதைப் பார்க்கலாம்.

இரண்டு எச்சரிக்கை. உக்கிப்போன மேல்பாறையை எடுக்காதீர்கள். ஃபெல்ஸ்பார் களிமண்ணாக மாறி, பொட்டாஷும் சோடாவும் மழையில் கரைந்துபோயிருக்கும். அடுத்தது சுண்ணாம்பு ஓடைக்கல். நம் காட்டுமண்ணில் அது பாறை இடுக்கெல்லாம் இறங்கியிருக்கும். இரண்டு சொட்டு நீர்த்த அமிலம் விட்டுப் பாருங்கள், நுரைத்தால் அந்தத் துண்டு வேண்டாம்.

மாதிரி எடுப்பதும் கணக்கும்

ஒரே இடத்தில் அழகான துண்டாகப் பார்த்து எடுப்பது மாதிரி அல்ல. பாறை முகத்தின் நாலைந்து இடங்களில், நல்லதும் கெட்டதும் கலந்து, முப்பது கிலோ எடுங்கள். சுத்தியலால் கோலி அளவுக்கு உடைத்து, கூம்பாகக் குவித்து, தட்டி, நான்காகப் பிரித்து எதிரெதிர் பங்கு இரண்டை மட்டும் வையுங்கள். இப்படியே குறைத்து ஒரு கிலோவை ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். மீதியை நம் சோதனைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

எக்ஸ்.ஆர்.எஃப். சோதனை (எக்ஸ் கதிரை வைத்துக் கல்லில் எது எவ்வளவு என்று அளப்பது) கேளுங்கள். சிலிகா, அலுமினா, பொட்டாஷ், சோடா, சுண்ணாம்பு, மெக்னீசியா, இரும்பு, டைட்டானியம், எரிப்பு இழப்பு (சூடாக்கும்போது குறைகிற எடை) எல்லாம் வர வேண்டும். அறிக்கை வந்ததும் பொட்டாஷ் சதவீதத்தை 5.9-ஆலும் சோடா சதவீதத்தை 8.5-ஆலும் பெருக்கிக் கூட்டுங்கள். கல்லில் எத்தனை சதவீதம் ஃபெல்ஸ்பார் என்பது கிட்டத்தட்டத் தெரிந்துவிடும். பொட்டாஷ் 4.8, சோடா 3.4 என்று வந்தால் 28-உம் 29-உம் சேர்ந்து 57 சதவீதம். மைக்காவிலும் பொட்டாஷ் உண்டு என்பதால் உண்மை இதற்குச் சற்றுக் குறைவாகவே இருக்கும்.

உடைப்பதும் அரைப்பதும்

முதலில் கழுவுங்கள். செம்மண் ஒட்டியிருந்தால் அந்த இரும்பு கடைசிவரை கூடவே வரும். பிறகு ஜா கிரஷரில் முட்டை அளவுக்கு உடைத்து, நல்ல வெளிச்சத்தில் கறுப்புத் துண்டுகளைக் கையால் பொறுக்கி எடுங்கள். பெக்மடைட்டாக இருந்தால் பாதி வேலை இங்கேயே முடிந்துவிடும். நல்ல ஃபெல்ஸ்பார் தனியாகவும் குவார்ட்ஸ் தனியாகவும் வந்துவிடும். இதைவிட மலிவான முறை வேறு கிடையாது.

கிரானைட்டில் மணிகள் சின்னவை, அதனால் மேலும் அரைக்க வேண்டும். மணிகள் ஒன்றைவிட்டு ஒன்று கழன்றால் போதும், மாவாகக் கூடாது. பெரும்பாலான கிரானைட்டுக்கு 600 மைக்ரான், அதாவது 30 மெஷ் (அங்குலத்துக்கு 30 கண் உள்ள சல்லடை) அளவில் அது நடக்கும். உங்கள் கல்லுக்கு எவ்வளவு என்பதைச் சல்லடை போட்டுப் பாருங்கள். ஒவ்வொரு சல்லடையிலும் நின்றதில் ஒரு சிட்டிகை எடுத்து வெள்ளைத்தாளில் பரப்பி, லென்ஸில் இருநூறு மணி எண்ணுங்கள். வெள்ளை மணியில் கறுப்பு ஒட்டிக்கொண்டிருப்பது பத்துக்கு மேல் இருந்தால் இன்னும் அரைபட வேண்டும்.

சுத்தி மில்லை இந்த வேலைக்குத் தொடாதீர்கள். தேய்கிற ஒவ்வொரு கிராம் எஃகும் மாவில் இறங்கும். ரோல் கிரஷரோ ராடு மில்லோ மணியைச் சீராக உடைக்கும், தூளும் குறைவு.

கழுவித் தூளைப் போக்குவது

மிக நுண்ணிய தூள் எல்லா மணிகளின் மேலும் படிந்துகொண்டு, பின்னால் வரும் காந்தத்தையும், மிதப்பு முறையில் சேர்க்கும் ரசாயன மருந்தையும் ஏமாற்றும். அதனால் அது போக வேண்டும். வாளியில் ஒரு பங்கு மணல், நாலு பங்கு தண்ணீர். நன்றாகக் கலக்கிவிட்டு ஒரு நிமிடம் பொறுத்து மேல்நீரை ஊற்றிவிடுங்கள். 75 மைக்ரான் மணி தண்ணீரில் நொடிக்கு ஐந்து மில்லிமீட்டர் அளவில் இறங்கும். ஒரு சாண் சொச்சம் ஆழத்துக்கு ஒரு நிமிடம் சரியாக இருக்கும், அதைவிட நுண்ணியது தண்ணீரோடு போய்விடும். தண்ணீர் தெளியும்வரை இப்படியே செய்யுங்கள்.

மணியின் மேல் துருக்கறை இருந்தால் கெட்டியான குழம்பாக, நூற்றுக்கு எழுபது மணலாக வைத்துப் பத்து நிமிடம் வேகமாகக் கலக்குங்கள். மணியோடு மணி உரசிக் கறை கழலும். பிறகு மறுபடி கழுவுங்கள். ஊற்றிய தண்ணீரைத் தொட்டியில் தெளியவைத்துத் திரும்ப எடுக்கலாம். ஆயிரம் அடிக்கு போர் போட்டும் தண்ணீர் வராத ஊர்களில் இதை விருப்பம் என்று சொல்ல முடியாது, இதில்லாமல் தொழிலே கிடையாது.

மைக்கா

தட்டையான மைக்கா சல்லடையின் மேல் நிற்கும், காற்றில் பறக்கும். காய்ந்த மணலை முறத்தில் போட்டுப் புடைக்கத் தெரிந்தவர் வீட்டில் இருந்தால் சோதனை அளவுக்கு அதுவே போதும். ஆலையில் காற்றுப் பிரிப்பானோ மேல்நோக்கி ஓடும் தண்ணீர்த் தொட்டியோ வைப்பார்கள்.

காந்தம்

இதுதான் இந்தத் தொழிலின் இதயம், இங்கே அவசரப்படக் கூடாது.

மணல் எலும்பாகக் காய்ந்திருக்க வேண்டும். 110 டிகிரியில் உலர்த்திச் சூடு முழுவதும் ஆறுவதற்குள் காந்தத்துக்கு விடுவது நல்லது. ஈரம் இருந்தால் மணிகள் ஒட்டிக்கொண்டு நல்லதும் கெட்டதும் சேர்ந்தே போகும். 100 மைக்ரானுக்குக் கீழே உள்ளதை உலர் காந்தத்துக்குக் கொடுப்பதும் வீண்.

சாதாரணக் கறுப்புக் காந்தம் மேக்னடைட்டையும் கிரஷரிலிருந்து வந்த எஃகுத் துகளையும் மட்டும் பிடிக்கும். முதலில் அதை முடித்துவிடுங்கள். பயோடைட் என்ற கறுப்பு மைக்காவும் ஹார்ன்பிளெண்டும் கார்னெட்டும் பலவீனமாகவே ஈர்க்கப்படும் என்பதால் அவற்றுக்கு ஒரு டெஸ்லாவுக்கு மேல் பலமுள்ள அருமண் காந்த ரோல் வேண்டும். மெல்லிய பெல்ட் காந்த உருளையைச் சுற்றி ஓடும். வெள்ளை மணி முன்னால் எகிறி விழும், இரும்புள்ள மணி பெல்ட்டைப் பிடித்துக்கொண்டு அடிப்பக்கம் போய் விழும். நடுவில் ஒரு தகடு இரண்டையும் பிரிக்கும். மணல் ஒற்றை மணிப் படலமாக விழ வேண்டும். நாளைக்கு இத்தனை டன் என்று ஆசைப்பட்டுக் கனமாகக் கொட்டினால் அடியில் இருக்கும் வெள்ளை மணியும் கறுப்போடு சேர்ந்து போய்விடும், மேலே இருக்கும் கறுப்பு தப்பிவிடும். இரண்டு மூன்று முறை ஓட்டுங்கள்.

வாளிச் சோதனைக்கு ஒரு பெரிய நியோடிமியம் காந்தம் போதும். பாலித்தீன் உறையில் போட்டு, வெள்ளைத்தட்டில் மெல்லிசாகப் பரப்பிய மணலைத் தொட்டும் தொடாமலும் நகர்த்துங்கள். தட்டைத் திருப்பிப் போட்டு மறுபடி செய்யுங்கள். கறுப்பு மணிகள் மீசை முளைத்தாற்போல உறையில் நிற்பதைப் பார்ப்பீர்கள். உறையை உருவினால் உதிர்ந்துவிடும், அதைத் தனியாக எடைபோட்டு வையுங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் போனது, நின்றது இரண்டையும் எடைபோட வேண்டும். கூட்டுத்தொகை முதலில் எடுத்ததோடு ஒத்துவராவிட்டால் சோதனையை நம்பாதீர்கள்.

இனி மறுபடி இரும்பைச் சோதியுங்கள். அது 0.3-க்கு மேலேயே நிற்கிறதா? லென்ஸில் பாருங்கள். கறுப்பு மணி இன்னும் இருந்தால் அரைப்பதிலோ ஓட்டுவதிலோ குறை, திருத்தலாம். மணியெல்லாம் சுத்தமாக இருந்தும் இரும்பு இறங்கவில்லை என்றால் அது படிகத்துக்குள்ளேயே இருக்கிறது. எந்தக் காந்தமும் அதை எடுக்காது. அந்தப் பாறையை விட்டுவிட்டு வேறு பாறை தேடுங்கள். நிறம் சிவப்பாக இருக்கிறது என்பதற்காக மட்டும் ஒதுக்க வேண்டாம். சிவப்பு ஃபெல்ஸ்பார் சில சமயம் சூளையில் வெள்ளையாகவே வரும்.

குவார்ட்ஸைப் பிரிக்கத்தான் வேண்டுமா

இங்கேதான் பலர் தேவையில்லாமல் மலை ஏறுகிறார்கள். குவார்ட்ஸின் அடர்த்தி 2.65, ஃபெல்ஸ்பாரின் அடர்த்தி 2.55-லிருந்து 2.62. எடை வித்தியாசத்தால் மணிகளைப் பிரிக்கிற அதிரும் மேசையில் போட்டெல்லாம் இவற்றைப் பிரிக்க முடியாது. இரண்டும் காந்தத்துக்கும் மசியாது. மிதப்பு முறை (மருந்து போட்டு ஒரு கனிமத்தை மட்டும் நுரையில் மிதக்கவைப்பது) ஒன்றுதான் நடைமுறையில் வழி, அதில் ஆபத்தும் செலவும் உண்டு.

ஆனால் வாங்குபவருக்குக் குவார்ட்ஸும் வேண்டுமே! பீங்கானின் பழைய கணக்கு களிமண் 50, ஃபெல்ஸ்பார் 25, குவார்ட்ஸ் 25. இரும்பு நீக்கிய நம் மணலில் 65 பங்கு ஃபெல்ஸ்பாரும் 35 பங்கு குவார்ட்ஸும் இருந்தால், அதில் 38.5 கிலோ போட்டால் ஃபெல்ஸ்பார் 25 கிலோவும் குவார்ட்ஸ் 13.5 கிலோவும் வந்துவிடும். தனியாக 11.5 கிலோ குவார்ட்ஸ் சேர்த்தால் கணக்கு முடிந்தது. கண்ணாடியிலும் அப்படியே. நூறு கிலோ கண்ணாடிக்கு ஒன்றரைக் கிலோ அலுமினா வேண்டுமென்றால் 18 சதவீதச் சரக்கில் 8.3 கிலோ போட வேண்டும், 12 சதவீதமுள்ள நம் மணலில் 12.5 கிலோ போட வேண்டும். கூடுதலாக வருவது சிலிகா, கண்ணாடியில் எழுபது சதவீதத்துக்கு மேல் அதுதானே. வாங்குபவர் எதிர்பார்ப்பது வாரத்துக்கு வாரம் மாறாத சரக்கு. ஆகவே குவார்ட்ஸ்-ஃபெல்ஸ்பார் மணலாகவே விற்கப் பாருங்கள் என்பதே என் கருத்து. கிளேஸுக்கும் உயர்தரப் பாண்டங்களுக்கும் சுத்தமான ஃபெல்ஸ்பாரே வேண்டுமென்று கேட்பவர் இருந்தால் கையால் பொறுக்கிய பெக்மடைட்டைக் கொடுங்கள்.

மிதப்பு முறை, தெரிந்துகொள்ள

அமெரிக்காவில் வட கரோலினாவின் ஸ்ப்ரூஸ் பைன் பகுதியில் கிரானைட் போன்ற வெளிறிய பாறையிலிருந்து இந்த முறையில்தான் ஃபெல்ஸ்பாரும் குவார்ட்ஸும் மைக்காவும் எடுக்கிறார்கள். மூன்று கட்டம். முதலில் கந்தக அமிலம் விட்டு பி.எச். மூன்றுக்குப் பக்கத்தில் வைத்து, அமீன் என்ற மருந்தால் மைக்காவை நுரையில் தூக்குவார்கள். அடுத்து பெட்ரோலிய சல்ஃபோனேட்டால் கார்னெட்டும் இரும்பு மணிகளும் நுரையில் போகும். கடைசியில் ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் ஃபெல்ஸ்பாரின் மேற்பரப்பைத் தூண்டிவிட, அமீன் அதில் மட்டும் ஒட்டி அதை நுரையோடு மேலே கொண்டுவரும். குவார்ட்ஸ் அடியில் தங்கும்.

அந்த அமிலத்தை வீட்டிலோ கொட்டகையிலோ தொடவே கூடாது. தோலில் பட்டால் உடனே வலிக்காமலும் போகலாம். உள்ளே இறங்கி உடம்பின் கால்சியத்தைப் பிடித்து இதயத்தையே நிறுத்திவிடும். கால்சியம் குளுக்கோனேட் ஜெல் கையருகே இல்லாத ஆய்வகத்துக்குள் நுழையாதீர்கள். இன்னொரு காரணமும் நம் மண்ணைச் சேர்ந்தது. பக்கத்துத் தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு இருப்பதால்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. சாயக்கழிவால் நொய்யல் என்ன ஆனது, ஒரத்துப்பாளையம் அணை என்ன ஆனது என்று பார்த்தவர்கள் நாம். ஃபுளோரைடு கழிவுநீரை உண்டாக்கும் ஆலை இங்கே வேண்டாம். மிதப்பு முறைதான் வேண்டுமென்றால் ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் இல்லாமல், கந்தக அமிலத்தில் டைஅமீனும் சல்ஃபோனேட்டும் கலந்து செய்யும் முறை இருக்கிறது. அதை ஒரு கனிம ஆய்வகத்தில் உங்கள் கல்லைக் கொடுத்துச் செய்து பார்க்கச் சொல்லுங்கள்.

சூளைச் சோதனை

எண்களைவிட வாங்குபவர் நம்புவது இதைத்தான். மணலில் கொஞ்சம் எடுத்துப் பீங்கான் உரலில் மாவாக்கி, சிறிது தண்ணீர் சேர்த்து ரூபாய் நாணய அளவுக்கு வில்லை தட்டி, வெள்ளைப் பீங்கான் தட்டில் வைத்து 1250 டிகிரிக்குச் சுடுங்கள். மின்சூளை வைத்திருக்கும் மட்பாண்டக் கலைக்கூடத்தில் கேட்டால் அவர்கள் சுடும்போது இதையும் வைத்துக்கொடுப்பார்கள். நல்ல பொட்டாஷ் ஃபெல்ஸ்பார் பால்வெள்ளைக் கண்ணாடியாக உருண்டு நிற்கும். சோடா அதிகமானால் பரவி ஓடும். குவார்ட்ஸ் அதிகமானால் சொரசொரப்பாக, உருகியும் உருகாமலும் இருக்கும். மிளகுத்தூள் தூவினாற்போலக் கரும்புள்ளி தெரிந்தால் காந்த வேலை பாக்கி. வில்லை முழுவதும் மங்கிய பழுப்பாக வந்தால் இரும்பு உள்ளேயே இருக்கிறது.

மாவும் தூசியும்

கண்ணாடிக்காரருக்கு மாவு வேண்டாம். 600 மைக்ரானுக்குக் கீழே, தூள் கழித்த மணலாகக் கொடுங்கள், மாவு உலையில் பறந்துபோகும். பீங்கானுக்கு 200 மெஷ் வேண்டும். அதை அரைக்கும் பால் மில்லின் உள்பூச்சும் குண்டும் அலுமினாவாகவோ சிக்கிமுக்கிக் கல்லாகவோ இருக்க வேண்டும். எஃகு குண்டு போட்டால் அத்தனை பாடும் ஒரே ராத்திரியில் வீணாகிவிடும்.

நுரையீரலைக் கெடுக்கும் சிலிகாத் தூசி கண்ணுக்குத் தெரியாது. சிலிகோசிஸ் வந்தால் குணப்படுத்த மருந்து கிடையாது. வாயில் கட்டிய துண்டு அதைத் தடுக்காது. ஈரத்தில் அரையுங்கள், உலர் வேலைக்குத் தூசி உறிஞ்சி வையுங்கள், தரையைப் பெருக்காமல் கழுவுங்கள், வேலை செய்பவர்களுக்கு முறையான முகக்கவசம் வாங்கிக்கொடுத்து ஆண்டுதோறும் மார்பு எக்ஸ்-ரே எடுங்கள். கூலிக்கு வந்தவரின் மூச்சை விலையாகக் கொடுத்து எடுக்கும் வெள்ளை மாவு நமக்கு வேண்டாம்.

காகித வேலை

2015 பிப்ரவரியில் ஃபெல்ஸ்பார் சிறுகனிமப் பட்டியலில் சேர்ந்தது. 2025 பிப்ரவரியில் குவார்ட்ஸ், மைக்கா, பாரைட்டோடு சேர்ந்து மறுபடி பெருங்கனிமமாகிவிட்டது. அதனால் பழைய ஆட்கள் சொல்லும் விதிமுறையை நம்பி இறங்காதீர்கள். சொந்தப் பட்டா நிலமானாலும் தோண்டுவதற்கு முன்னும், கிரானைட் குவாரிக் கழிவை இதற்குப் பயன்படுத்துவதற்கு முன்னும் மாவட்டப் புவியியல் மற்றும் சுரங்கத் துறை அலுவலகத்தில் எழுத்தில் கேளுங்கள். அரைக்கும் ஆலைக்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவு வேண்டும்.

வாங்குபவருக்கு முதல் மாதிரி அனுப்பும்போது அதே மூட்டையிலிருந்து ஐந்து கிலோவைத் தேதி போட்டு, முத்திரை வைத்து உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள். சுட்ட வில்லையையும் அதோடு கட்டிவையுங்கள். மூன்றாவது லோடில் நிறம் மாறிவிட்டது என்று போன் வந்தால், குறை கல்லிலா அவர் சூளையிலா என்று இரண்டு பேரும் உட்கார்ந்து பார்க்க அது வேண்டும்.